வீட்டு வளவு: உம்மா வைத்த பாத்தி



கல்முனைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். பேரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். விஷயம் இதுதான். பத்துப் பேர்ச் வளவு. கேற்றிலிருந்து வாசற்படி வரை இரண்டு பக்கமும் உம்மா அந்தக் காலத்தில் வைத்த பூப்பாத்திகள். எக்ஸோராவும் குரோட்டனும் மல்லிகையும் செழித்துக் கிடந்த இடம். 2022இல் சாமான் விலையெல்லாம் ஏறி, காஸுக்கும் எண்ணெய்க்கும் வரிசையில் நின்ற நாட்களில் பாதியைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நட்டார்களாம். மூன்று தடவை கிழங்கு கிண்டியாயிற்று. இப்போது மரவள்ளியும் இல்லை, பூவும் இல்லை. வெள்ளை மணலும் காய்ந்த குச்சிகளும், நடுவிலே ஒரு கிழட்டு மல்லிகையுமாகக் கிடக்கிறது.

"அவர் இன்டர்லொக் கல் பதிக்க ஆள் பேசிவிட்டார். நுளம்பும் இல்லை, கூட்டுகிற வேலையும் இல்லை என்கிறார். உம்மாவுக்கு இரண்டு கண்ணும் பார்வை மங்கல். கல் பதிக்கிற கதை காதில் விழுந்த நாளிலிருந்து உம்மா அதைப்பற்றி ஒன்றுமே கதைக்கவில்லை. அஸருக்குப் பிறகு படியில் போய் இருந்துகொண்டு மல்லிகை இலையைக் கையால் தடவிக்கொண்டிருக்கிறா. நான் என்ன செய்ய?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

இந்த மாதப் பக்கம் முழுவதையும் இந்தச் சகோதரிக்கே எழுதுகிறேன். களைத்துப்போன பாத்தி நம்மில் பலருடைய வீட்டு வாசலிலும் கிடப்பதால் மற்றவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

முதலில் ஒன்று. வீடு உங்கள் பேரில் இருக்கிறது என்பதைச் சொல்லிச் சண்டை பிடிக்காதீர்கள். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. பராமரிக்காத பாத்தி குப்பை மேடுதான். நுளம்புப் பயமும் வீண் பயம் அல்ல. 2017இல் மாத்திரம் நமது நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. ஆனால் டெங்கு நுளம்பு மணலிலோ பூச்செடியின் வேரிலோ முட்டையிடுவதில்லை. பூச்சாடிக்குக் கீழே வைக்கிற தட்டு, எறிந்த சிரட்டை, யோகட் கோப்பை, இலை அடைத்த கூரைப்பீலி என்று நீர் தேங்கி நிற்கிற இடங்கள்தான் அதற்கு வேண்டும். முட்டை நுளம்பாவதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் சரிவராது. முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்த நிலையிலும் மாதக்கணக்காகக் கிடக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும். கல் பதித்த முற்றத்திலே பத்துச் சாடியைத் தட்டோடு வைத்தால், மண் பாத்தியிலே பத்துச் செடி நிற்பதைவிட நுளம்பு கூடத்தான் வரும். இதை அவருக்கு ஆறுதலாகச் சொல்லுங்கள்.

அடுத்தது கிணறு. இதைத்தான் நான் பெரிதாக எடுக்கிறேன். நானும் இதே கரையோர மணலில் பிறந்து வளர்ந்தவள். கடலோரத்தில் நம் கிணறுகளில் ஊறுகிற நல்ல தண்ணீர், நிலத்துக்கடியில் இருக்கிற உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிற ஒரு படலம். மழை மணலுக்குள் இறங்கித்தான் அது நிரம்புகிறது. பத்துப் பேர்ச் நிலத்தில் ஓர் அங்குல மழை பெய்தால் விழுகிற தண்ணீர் ஏறக்குறைய 6,400 லீற்றர். கூரையில் விழுவது பீலி வழியாக வந்தாலும், கடைசியில் அது இறங்குவதற்கு மண் வேண்டுமே. இன்டர்லொக் கல்லின் இடுக்குகளால் கொஞ்சம் இறங்கும்தான். ஆனால் அடியில் கிறவல் போட்டு இடித்து இறுக்கித்தான் கல்லைப் பதிக்கிறார்கள். ஆகவே பெரும்பகுதி ஒழுங்கைக்கு ஓடிவிடும். ஒழுங்கையிலே எல்லா வீட்டுத் தண்ணீரும் சேர்ந்தால் மாரியில் என்ன நடக்கிறது என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போன பிறகு நம் கிணறுகள் பட்ட பாடு ஞாபகம் இருக்கிறதா? உப்பை எடுக்கிறோம் என்று திரும்பத் திரும்ப இறைத்த கிணறுகளில் அடியிலிருந்து இன்னும் உப்புத்தான் ஏறியது. கடைசியில் மணலைக் கழுவிக் கொடுத்தது வானத்து மழைதான். எங்கள் வளவில் தென்னைகள் தப்பின, மாமரம் பட்டுப்போனது, எக்ஸோரா வரிசை ஒரே வாரத்தில் கருகியது. அடுத்த மாரிக்குப் பிறகுதான் புல்லே முளைத்தது. அந்த மாரித் தண்ணீர் இறங்க மண் திறந்து கிடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே என்னுடைய யோசனை இது. கேற்றிலிருந்து படிவரை நான்கடி அகலத்துக்குக் கல் பதிக்கட்டும். இரண்டு பேர் காஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வர அந்த அகலம் போதும். உம்மாவுக்கும் கால் தடுக்காத சமமான பாதை கிடைக்கும். இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாகவே இருக்கட்டும். ஆனால் பழைய பாத்தியாக அல்ல.

பாத்தி ஏன் களைத்தது என்று பார்த்துவிட்டு மண்வெட்டியை எடுங்கள். நம்மில் பலர் பசளை போடவில்லை, அதுதான் என்று சொல்லிவிடுகிறோம். பல வீடுகளில் முதற் காரணம் வெயில். பாத்தி வைத்தபோது மதில் உயரம் குறைவு, மாமரம் கன்று, பக்கத்து வீட்டுக்கு மாடி இல்லை. இன்று அதே இடத்தில் பாதி நாள் நிழல். பூக்கிற செடிக்கு ஐந்தாறு மணித்தியால வெயிலாவது வேண்டும். ஆகையால் ஒருநாள் வீட்டிலிருக்கும்போது காலை எட்டு மணிக்கும், லுஹர் நேரத்திலும், அஸர் நேரத்திலும் வெளியில் வந்து நிழலின் ஓரத்தில் ஈர்க்குக் குச்சி குத்தி அடையாளம் வையுங்கள். மூன்று நேரமும் வெயில் விழுகிற இடம் எது, ஒரு நேரம் மட்டும் விழுகிற இடம் எது என்று தெரிந்துவிடும். எதை எங்கே நடுவது என்ற கேள்வியில் பாதி அத்தோடு தீர்ந்துவிடும்.

இரண்டாவது, மரத்து வேர். மாவும் ஜம்புவும் நீங்கள் போடுகிற எருவைத் தேடிக்கொண்டு வரும். அலவாங்கால் ஓரடி ஆழத்துக்குக் குத்திப் பாருங்கள். தலைமயிர் மாதிரி வேர் பின்னிக் கிடந்தால் அந்த இடத்தில் மல்லிகைக்கு எத்தனை வாளி எரு போட்டாலும் மரம்தான் சாப்பிடும்.

மூன்றாவது, மரவள்ளி. பஞ்ச காலத்தில் அது நம் வயிற்றைக் காப்பாற்றியது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது மண்ணிலிருந்து பொட்டாசியத்தை நிறைய இழுக்கிற பயிர். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டு அந்த வருட முடிவில்தான் மறுபடி அனுமதிக்கப்பட்டது. பிறகும் விலை கைக்கு எட்டவில்லை. ஒன்றும் திருப்பிக் கொடுக்காமல் மூன்று தடவை எடுத்தால் மணலில் என்ன மிஞ்சும்? மரவள்ளிக்கு இடையில் தக்காளி, வெண்டி போட்டிருந்தீர்களானால் அந்தச் செடிகளின் வேரைப் பிடுங்கிப் பாருங்கள். சின்னச் சின்ன முடிச்சுகள் இருந்தால் வட்டப்புழுத் தாக்கம். மணல் நிலத்தில் அது அதிகம். அப்படி இருந்தால் ஒரு போகத்துக்கு அந்தத் துண்டில் மேரிகோல்ட் நெருக்கமாக நடுங்கள். வட்டப்புழு குறையும், கண்ணுக்கும் நிறைவாக இருக்கும்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது கச்சான் காற்று ஓயத் தொடங்கியிருக்கும். மாரிக்கு இன்னும் சில வாரம் இருக்கிறது. மண் வேலைக்கு இதுதான் சரியான நேரம். ஒக்டோபர் மாதத்து முதல் மழைகளோடு நட்டால் வேர் பிடித்துவிடும். நவம்பர், டிசம்பர் அடைமழையில் நட்டால் கன்று அழுகும். மாசியில் நட்டால் தண்ணீர் வார்த்தே கை ஓய்ந்துவிடும்.

இரண்டு பாத்தியையும் ஒன்றாகக் கிண்டாதீர்கள். படிக்குக் கிட்ட உள்ளதை இந்த வருடம் செய்யுங்கள். மற்றதில் சருகைப் பரப்பி, தென்னோலை போட்டு மூடி ஓய்வு கொடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கி, பாதியில் வேலையாள் வராமல் நின்றுபோய், மழை வந்து எல்லாம் குழம்பிய வீடுகளை நான் கண்டிருக்கிறேன்.

பாத்தியின் உருவத்துக்கு வருவோம். நம் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒவ்வொரு செடியைச் சுற்றியும் ஒரு வட்டம், வட்டத்தைச் சுற்றிக் கவிழ்த்துப் புதைத்த போத்தல். பார்க்க அழகுதான். ஆனால் எட்டு வட்டம் இருந்தால் எட்டு இடத்தில் புல்லுப் பிடுங்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாக்கி ஒரே நீளப் பாத்தியாக்குங்கள். ஒரு பக்கம் மதில் என்றால் கை எட்டுகிற இரண்டு, இரண்டரை அடிக்கு மேல் அகலம் வேண்டாம். இரண்டு பக்கத்தாலும் எட்டலாம் என்றால் நான்கடி. வளைவு வேண்டுமென்றால் தண்ணீர் ஹோஸை நிலத்தில் போட்டு வளைத்துப் பார்த்து, மனதுக்குப் பிடித்த பிறகு கோடு கீறுங்கள். வீட்டுச் சுவரில் மண் முட்டக்கூடாது, ஓரடி இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் ஈரம் சுவரில் ஏறும், கறையான் வந்தாலும் கண்ணில் படாது. போத்தல் விளிம்பு உம்மா நடக்கிற இடத்தில் வேண்டவே வேண்டாம். செங்கல்லைப் படுக்கையாக நிலமட்டத்துக்குப் பதித்து வெள்ளை அடித்துவிடுங்கள். பார்வை மங்கியவர்களுக்கும் வெள்ளைக் கோடு ஓரளவு தெரியும்.

பாத்தியை உயர்த்திக் கட்டச் சொல்லிப் பலர் புத்தி சொல்வார்கள். களி மண்ணுக்கும் வெள்ளம் நிற்கிற இடத்துக்கும் அது சரி. நம் மணலில் உயர்த்திய பாத்தி கச்சான் காலத்தில் அப்பளம் மாதிரிக் காய்ந்துவிடும். நிலமட்டத்துக்கே வைத்து, ஓரத்தை மட்டும் கொஞ்சம் உயர்த்தினால் வார்க்கிற தண்ணீர் உள்ளே நிற்கும்.

பத்தடி நீளம், நான்கடி அகலமான பாத்தி என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை அடி ஆழத்துக்கு மணலை எடுத்து ஓரமாகக் குவியுங்கள். வேர்களை வெட்டி அகற்றுங்கள். அடியிலே பொச்சுமட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க நெருக்கமாக ஒரு வரிசை அடுக்குங்கள். மழைத் தண்ணீரை அது பஞ்சு மாதிரிப் பிடித்து வைத்துக்கொள்ளும். சில வருடத்தில் உக்கி மண்ணாகியும் விடும். அதற்கு மேல் பாதி மணல், பிறகு கிளிரிசிடியா இலையோ முருங்கை இலையோ கைக்குக் கிடைத்த பச்சை இலை, பிறகு மீதி மணலோடு உக்கிய மாட்டெருவோ கூட்டெருவோ கலந்து நிரப்புங்கள். இரண்டு அங்குலக் கனத்துக்கு எரு வேண்டும் என்றால் இந்தப் பாத்திக்குப் பத்து லீற்றர் வாளியால் பத்தொன்பது, இருபது வாளி பிடிக்கும். கூடப்போல் தெரியும். ஆனால் நம் வெயிலில் எரு மணலுக்குள் சீக்கிரம் கரைந்து போகிறது. ஒரு வாளியைத் தூவிவிட்டு ரோசா பூக்கவில்லையே என்று கேட்பதில் பயனில்லை. பிறகு வருடா வருடம் மாரிக்கு முன் ஏழெட்டு வாளி மேலே போட்டுக்கொண்டு வந்தால் போதும்.

அடுப்புச் சாம்பலில் பொட்டாசியம் உண்டு. மரவள்ளி நின்ற நிலத்துக்கு நல்லதுதான், என்றாலும் ஒரு சிரட்டை, இரண்டு சிரட்டையோடு நிறுத்துங்கள். நம் கடற்கரை மணலில் ஏற்கனவே சிப்பித்தூள் கலந்து சுண்ணாம்புக் குணம் இருக்கிறது, சாம்பல் அதைக் கூட்டும். கோழி எருவைப் புதிதாகப் போட்டால் வேர் வெந்துவிடும், இரண்டு மாதமாவது உக்க விடுங்கள். மீன் கழிவு நல்ல பசளை. ஓரடிக்கு மேல் ஆழமாகப் புதைக்காவிட்டால் ஊரிலுள்ள பூனையெல்லாம் உங்கள் வாசலில்தான்.

மணலோடு கொஞ்சம் வயல் மண் கலந்தால் ஈரம் நிற்கும் என்பது உண்மை. ஆனால் மண்ணைப் பார்த்து வாங்குங்கள். சில வருடங்களுக்கு முன் நான் ஒரு லோட் மண் இறக்கினேன். கறுப்பாக, வாசமாக, எவ்வளவு நல்ல மண் என்று அயலாருக்கெல்லாம் காட்டினேன். இரண்டு கிழமையில் பாத்தி முழுக்கக் கோரைப்புல். பிடுங்கினால் மேல் இலை மட்டும் வரும், கிழங்கு அடியில் இருந்து இரண்டாக முளைக்கும். மூன்று வருடம் சல்லடையால் மண்ணை அரித்து அரித்துக் கிழங்கு பொறுக்கினேன். இப்போதும் ஒன்றிரண்டு தலைகாட்டும்போது எனக்கு வயிறு எரியும். ஆகவே ஒரு வாளி மண்ணை முதலில் வாங்கி, தண்ணீர் தெளித்து, இரண்டு கிழமை வைத்து முளைப்பதைப் பார்த்துவிட்டு மிச்சத்துக்குச் சொல்லுங்கள்.

இனி உம்மாவின் மல்லிகை. அதைப் பிடுங்க வேண்டாம், இடம் மாற்றவும் வேண்டாம். கிழட்டு மல்லிகை வெட்டுக்குப் பயப்படாது. முதல் மழை விழுந்ததும் காய்ந்த கொப்புகளை அடியோடு எடுத்துவிட்டு, மற்றவற்றை நிலத்திலிருந்து ஒன்றரை அடி விட்டு நறுக்குங்கள். தாழ்ந்த கொப்பு ஒன்றை மாத்திரம் வெட்டாமல் விட்டு, அதன் அடித்தோலைக் கொஞ்சம் சீவி, நிலத்தில் வளைத்துப் புதைத்து மேலே கல் வையுங்கள். அது பதியம். இரண்டு மூன்று மாதத்தில் வேர் விடும். வெட்டிய கொப்புகளில் பென்சில் பருமனானவற்றை ஆறேழு அங்குலத் துண்டுகளாக்கி நிழலில் மணலில் குத்திவிடுங்கள், பத்தில் நாலாவது பிழைக்கும். தாய்ச் செடிக்கு ஏதும் நடந்தாலும் அதே மல்லிகை வீட்டில் இருக்கும். வெட்டுவதற்கு முன் உம்மாவிடம் சொல்லிவிட்டு வெட்டுங்கள். சொல்லாமல் செய்து, அஸருக்குப் பிறகு உம்மா கையை நீட்டும்போது மொட்டைக் குச்சி தட்டுப்பட்டால் நன்றாயிராது. கத்தரிக்கோலை உம்மாவின் கையிலேயே கொடுத்து முதல் கொப்பை வெட்டச் சொன்னால் இன்னும் நல்லது. எந்தக் கொப்பு உயிரோடு இருக்கிறது என்று அவ நகத்தால் கீறிப் பார்த்தே சொல்லிவிடுவா.

படிக்குப் பக்கத்தில் கற்பூரவள்ளி வையுங்கள். மெத்தென்ற இலை, தொட்டாலே மணக்கும். பிள்ளைகளின் இருமலுக்கும் ஆகும். முள்ளுள்ளது ஒன்றும் அந்தப் பக்கம் வேண்டாம். கடதாசிப்பூ மணலையும் காற்றையும் தாங்குகிற செடி, அது மதிலோரத்துக்குப் போகட்டும். மூன்று நேரமும் வெயில் விழுகிற இடத்தில் செவ்வரத்தை, முன்னால் பட்டிப்பூ, விளிம்பில் பத்துமணிப்பூ. உயரம் பின்னால், குள்ளம் முன்னால். ஒரே நிறத்தை மூன்று நான்காகச் சேர்த்து நட்டால்தான் கேற்றிலிருந்து பார்க்கும்போது எடுக்கும். ஒவ்வொன்றில் ஒவ்வொன்று வாங்கி நட்டால் நாற்றுமேடை மாதிரித்தான் இருக்கும். நானும் கண்டதையெல்லாம் வாங்குகிறவள்தான், அதனால் சொல்கிறேன்.

எக்ஸோராவுக்கு மறுபடி ஆசைப்பட்டிருக்கிறீர்கள். உங்கள் பழைய எக்ஸோராவின் இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றது என்று எழுதியிருக்கிறீர்களே, அது நோயல்ல. சுண்ணாம்புக் குணமுள்ள மணலில் அதற்கு இரும்புச்சத்து எட்டுவதில்லை. மதில் பூசிய சீமெந்து உதிர்ந்து விழுகிற இடத்தில் இன்னும் மோசம். ஆசையென்றால் இலையெரு நிறையப் போட்டு ஒரு பெரிய சாடியில் வையுங்கள், தட்டில்லாமல்.

மாமரத்தடியில் பூவுக்கு மல்லுக்கட்டாதீர்கள். அங்கே மருளும் பன்னமும் வளரட்டும். வேர் குறைந்த ஓரத்தில் இஞ்சியும் மஞ்சளும் அரை நிழலில் நன்றாக வரும். வுழூச் செய்கிற பைப்படியில் ரம்பையை வையுங்கள். சவர்க்காரம் கலக்காத நல்ல தண்ணீர் அது. ஒரு தடவைக்கு ஒரு லீற்றர் என்று வைத்தாலும் ஐந்து பேர் உள்ள வீட்டில் நாளுக்கு 25 லீற்றர் வீணாகக் கானில் ஓடுகிறது. ஒரு துண்டுக் குழாயால் திருப்பிவிட்டால் ரம்பையும் குடிக்கும், பக்கத்தில் ஒரு வாழையும் குடிக்கும்.

மதிலோரத்தில் மஞ்சள் அலரி இருக்கிறது என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அது வேண்டாம். அதன் விதை இதயத்தைத் தாக்குகிற நஞ்சு. பிள்ளைகள் காயைப் பொறுக்கி விளையாடுவார்கள். வேரோடு எடுத்துப் புதைத்துவிடுங்கள், எரிக்க வேண்டாம். அந்த இடத்துக்கு மருதோன்றி நடலாம். வெட்ட வெட்டத் தழைக்கும், பெருநாளைக்குக் கடையில் வாங்கவும் தேவையில்லை.

நட்டு முடிந்ததும் மணலை வெறுமனே விடாதீர்கள். சருகு, உமி, பழைய தும்புத்தூள், எதுவானாலும் இரண்டு அங்குலத்துக்குப் பரப்புங்கள். செடியின் தண்டைச் சுற்றி மட்டும் நாலு விரல் விட்டுவிடுங்கள். மாரியில் பெரிய நத்தைகள் வரும். இஷாவுக்குப் பிறகு டோர்ச் அடித்துப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுவதைவிட வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. வெறுங்கையால் தொடாதீர்கள். உப்பைப் பாத்தியில் கொட்டிவிடாதீர்கள், அந்தத் தண்ணீரையும் அங்கே ஊற்றாதீர்கள்.

பொச்சுமட்டைக்கு இப்போதே சொல்லி வையுங்கள். தேங்காய் உரிக்கிற இடத்தில் ஒரு முச்சக்கர வண்டி நிறைய ஏற்றிவந்தால் ஒரு பாத்திக்குக் காணும். மழை தொடங்கிவிட்டால் எல்லோரும் கேட்பார்கள். மல்லிகையை வெட்டிய பிறகு முதலாவது துளிர் எந்தக் கொப்பில் வந்தது என்று உம்மாவிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள் சகோதரி.